கோணேசர் கடலடியும் ஒரு வண்ணப்படமும்

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களை, 1956 இல் திருகோணமலைக் கடலில் சுழியோடிய மைக் வில்சன் கண்டார். மறு ஆண்டு பிரித்தானியர் அங்கிருந்த தம் கடற்படைத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். 1962 இல் வில்சன் நெறிப்படுத்த, ஆதர் சி. கிளார்க் பணமிட்டு உருவான 'ரன் முத்து தூவ' இக்கடலடியைத் திரைக்குக் கொணர்ந்தது. முழுநீளச் சிங்கள வண்ணப்படங்களுள் அதுவே முதலாவது.

அது ஒரு புதையற்கதை. செல்வம் கடலடியிற் கிடக்கும், துணிந்தவன் எடுத்துக்கொள்வான். இவ்வடிவத்திலேயே உழைப்புக்கு இடமில்லை என்பதை நாம் வற்புறுத்த வேண்டியுள்ளது. இறங்குதுறைத் தொழிலாளரும் மீனவரும் வாழ்ந்த துறைமுகம் இத்தகைய கதைகளில் நீலநிறப் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. திரைத்தொழிலின் நுட்பவளர்ச்சியை மட்டும் மெச்சுவோர் இதனைக் கவனிப்பதில்லை. 1963 இல் மலையுச்சியில் மீளக்கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. தமிழ் மக்களுக்கு அக்கற்கள் புதையலாக இருந்ததேயில்லை.

எனினும் வில்சனை வணிகக் கலைஞரென ஒதுக்குதல் எளிய வழியாகும். 1970களில் அவர் திரைத்தொழிலைக் கைவிட்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயரிற் துறவு பூண்டார். மேற்கின் இளைஞர் பலர் நுகர்வுச் சந்தையை வெறுத்துக் கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்ட காலம் அது. அவ்வெறுப்பு மெய்யானதே. ஆனால் சந்தையை மாற்ற முனையாது தனியொருவராக விலகிய அத்துறவில், புதையல் தேடிய அதே தனிவீரனையே நாம் மீண்டும் காண்கிறோம்.