முதனிக் காப்பாளர்

முதனிக் காப்பாளர் என்பவர் விலங்குக் காட்சிச்சாலைகளில் குரங்கு, மந்தி, மனிதக் குரங்கு, தேவாங்கு முதலிய முதனி வரிசை விலங்குகளைப் பேணும் பணியாளர் ஆவார். உணவளித்தல், உறைவிடத் தூய்மை, உடல்நலக் கண்காணிப்பு ஆகியன இவரது முதன்மைக் கடமைகள். விலங்குகளுக்கு வித்தை பழக்குவது இப்பணியில் அடங்காது. வித்தை காட்டுவதற்காகக் குரங்குகளைப் பழக்குவதை இந்திய அரசு 1998-இல் தடை செய்தது.

வண்டலூர்

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களுக்கு அருகிலுள்ள பெரிய விலங்குக் காட்சிச்சாலை, அவ்வூர்கள் வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆகும். 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய காட்சிச்சாலையே பிற்காலத்தில் வளர்ந்து, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சோலைமந்தியை (சிங்கவால் குரங்கு) இனப்பெருக்கம் செய்து காக்கும் திட்டத்தில் இப்பூங்கா பங்கேற்கிறது.

அன்றாடப் பணி

காப்பாளர் காலையில் முதலில் விலங்குகளை எண்ணிப் பார்க்கிறார். எது உண்ணவில்லை, எது ஒதுங்கி இருக்கிறது, எதன் கழிவு மாறியுள்ளது என்பவற்றைக் குறித்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கிறார். குரங்குகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. எனவே சிறு மாற்றமும் முக்கியமானது. பின்னர் விலங்குகளை உள்ளறைக்கு மாற்றிக் கதவைப் பூட்டிய பிறகே திறந்தவெளியைத் துப்புரவு செய்கிறார்.

பழம், காய்கறி, கீரை, முளைகட்டிய பயறு ஆகியவை உணவாகின்றன. உணவை ஒரே இடத்தில் வைத்தால் வலிய குரங்குகள் முழுவதையும் கைப்பற்றிவிடும். ஆகவே அது பல இடங்களில் பிரித்து வைக்கப்படுகிறது. மூங்கில் குழாய்களில் மறைத்து வைப்பதும் உண்டு. தேடி உண்ணும் முயற்சி குரங்கின் சலிப்பைப் போக்கும்.

கூட்ட வாழ்க்கை

முதனிகளில் பல படிநிலை உடைய கூட்டங்களாக வாழ்பவை. காயமுற்ற ஒன்றை நெடுநாள் பிரித்து வைத்தால், கூட்டம் அதனை மீண்டும் ஏற்க மறுப்பதுண்டு. பிரிக்காமல் விட்டால் காயம் பெரிதாகலாம். இதனை முடிவு செய்வதில் மருத்துவர் காப்பாளரின் கூர்நோக்கையே பெரிதும் சார்ந்திருக்கிறார்.

தாய் கைவிட்ட குட்டியை மனிதர் வளர்ப்பது இறுதி வழியே. அவ்வாறு வளர்ந்தவை பிற்காலத்தில் தம் இனத்தோடு சேர்ந்து வாழவும், தம் குட்டிகளைப் பேணவும் இடர்ப்படுகின்றன. காட்டில் ஏறத்தாழ 4,000 மட்டுமே எஞ்சியுள்ள சோலைமந்தி போன்ற இனத்தில் இவ்விழப்பு பெரிது. நெருங்கிய உறவினங்கள் இணையாதிருக்க, ஒவ்வொரு விலங்கின் பெற்றோரும் வம்சாவளிப் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றனர்.

இடர்கள்

காசநோய் முதலிய தொற்றுகள் மனிதரிடமிருந்து குரங்குக்கும், குரங்கிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியவை. எனவே காப்பாளருக்கு மருத்துவப் பரிசோதனை தேவை. கடிக்கப்பட்டால் காயத்தை உடனே சோப்பு நீரால் கழுவி மருத்துவரை அணுக வேண்டும்.

பார்வையாளர் வீசும் தின்பண்டங்களும் நெகிழிப் பைகளும் மற்றோர் இடர். செஞ்சிக் கோட்டை போன்ற இடங்களில் நாட்டுக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழகியவர் பூங்காவிலும் அவ்வாறே செய்ய முற்படலாம். அதனால் குரங்குகளுக்குச் செரிமானக் கோளாறு உண்டாகும். ஒன்றையொன்று தாக்கிக் காயமும் அடையும். இதைத் தடுத்து, காரணத்தை விளக்கிச் சொல்வதும் காப்பாளர் பணியின் ஒரு பகுதியாகும்.