சொல்லிழந்தவர் காட்டிய இலக்கணம்

பேசுவோர் வழக்கையும் புலவர் செய்யுளையும் நோக்கி இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். மொழியை மனம் எவ்வாறு இயக்குகிறது என்னும் வினாவுக்கோ, பேச்சிழந்தவர்களிடமிருந்தே அறிவியல் உலகம் விடை தேடத் தொடங்கியது.

பாரிசின் தென்புறத்தே உள்ள பிசேத்ர் மருத்துவமனையில், 1861 ஏப்ரலில், லெபோர்ன் என்னும் 51 வயது நோயாளர் அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பார்வைக்கு வந்தார். அவர் 21 ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்தவர். எதைக் கேட்டாலும் 'தான்' என்னும் ஓரசையையே இருமுறை ஒலிப்பார். நம் தமிழ்ச் சொல்லோடு தொடர்பில்லாத, பொருளற்ற ஒலி அது. அதுவே அவருக்குப் பெயருமாயிற்று. எனினும் அவர் அறிவிழந்தவர் அல்லர். பிறர் கூறுவதைப் பெரும்பாலும் உணர்ந்தார். எண்ணை விரல்களால் காட்டினார். குரலின் ஏற்றத்தாழ்வாலும் கையசைவாலும் கருத்தைத் தெரிவிக்க முயன்றார். கேட்பவர் உணராதபோது சினம் மூண்டு, ஒரு வசைமொழி மட்டும் தெளிவாக வெளிப்படும்.

ஏப்ரல் 17-இல் அவர் மறைந்தார். மறுநாளே புரோக்கா அவர்தம் மூளையை மானிடவியல் கழகத்தின் முன் வைத்தார். இடப்பக்க முன்மடல் சிதைந்திருந்தது. 1874-இல் செர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அவர் விளக்கிய நோயாளர் தடையின்றிப் பேசினர். ஆனால் பேச்சில் பொருள் திரளவில்லை. பிறர் பேச்சும் அவர்க்கு விளங்கவில்லை. பேசுதலும் உணர்தலும் வெவ்வேறாகச் சிதையக்கூடியவை என்பது இவ்வாறு புலனாயிற்று.

கவிஞர்க்கு நெருக்கமான திருப்பம் 1956-இல் நிகழ்ந்தது. சொல்லைத் தேர்தல், தேர்ந்ததைத் தொடுத்தல் என்னும் இரு செயல்களாலாகியது பேச்சு என்றார் மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன். தேரும் ஆற்றல் குன்றியவர் கத்தியை முள்கரண்டி என்பார். புகைக்குழாயைப் புகை என்பார். தொடுக்கும் ஆற்றல் குன்றியவரோ நுண்ணோக்கியைத் தொலைநோக்கி என்பார். விளக்கை நெருப்பு என்பார். முன்னவரைத் தாங்குவது தொடர்பு. பின்னவரைத் தாங்குவது ஒப்புமை. முன்னது ஆகுபெயரின் வழி. பின்னது உவமையின் வழி. தொல்காப்பியர் ஆகுபெயரைச் சொல்லதிகாரத்திலும் உவமையைப் பொருளதிகாரத்திலும் ஆராய்ந்தார். வகுப்பறையில் அணி நலமென்று நாம் கற்பிக்கும் உவமை, நோயுற்ற மனத்துக்கு ஊன்றுகோலாகவும் நிற்கிறது.

இப்பாகுபாடு நோயாளர் எல்லார்க்கும் பொருந்துவதன்று. லெபோர்னின் மூளை பேணிக் காக்கப்பட்டிருந்தது. 2007-இல் வெளியான காந்த அதிர்வுப் படங்கள், புரோக்கா கண்டதினும் சிதைவு ஆழமானது எனக் காட்டின. மொழி மூளையின் ஒரு மூலையில் குடியிருப்பதன்று. பல பகுதிகளின் கூட்டியக்கம் என்பதே இன்றைய தெளிவு.

'தான்' என்றே பாடநூல்கள் குறித்துவந்த அம்மனிதர், லூயி விக்டர் லெபோர்ன் என்னும் முழுப்பெயருடையவர், காலணி தைப்பதற்கான மர அச்சுகள் செய்த தொழிலாளி என்பதை 2013-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஓர் ஆய்வுத் துறைக்கே வழி திறந்தவரின் வாழ்வை உலகம் அறிய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. சொல் இல்லாதவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதுதல் பெரும்பிழை. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் முதலில் உணரவேண்டியது இதுவே.