பழைய வேனில் முன்னவர் பெயர்: பெயிண்ட் கெடாமல் ஸ்டிக்கரை உரிப்பது எப்படி?

சிறு வணிகம் தொடங்கும் பலருக்கு முதல் பெரிய செலவு ஒரு பழைய வேன்தான். சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சரக்கு வாகனம் என்றால் அதைப் புதுப்பித்து மொத்தம் 20 ஆண்டுகள் வரை ஓட்டலாம். அதனால் ஒரே வேன் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவரிடமிருந்து உணவு விநியோகிப்பவரிடமும் அவரிடமிருந்து பூக்கடைக்காரரிடமும் கைமாறுவது வழக்கம். வண்டி கைமாறினாலும் அதன் பக்கவாட்டில் இருக்கும் நிறுவனப் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஓட்டுவோரும் உண்டு. சாலையில் யாரையாவது நெருக்கிச் சென்றால் புகார் அழைப்பு பழைய உரிமையாளருக்குப் போகும். சாப்பாடு கொண்டுவரும் வேனில் கழிவுநீர்க் குழாய் சேவை என்று எழுதியிருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. அவசரப்பட்டு உரித்து, பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க ஆகும் செலவு, ஸ்டிக்கர் எடுக்கும் கூலியைவிடப் பல மடங்கு இருக்கும்.

எதைத் தொடக்கூடாது

வேலையைத் தொடங்கும் முன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. ஒட்டியிருப்பவை எல்லாம் விளம்பரம் அல்ல. சரக்கு வாகனத்தின் எடை விவரம், எத்தனை பேர் ஏறலாம் என்ற குறிப்பு, பின்புறம் இருக்கும் வேக வரம்பு வட்டம் ஆகியவை சட்டப்படி இருக்கவேண்டியவை. பெரிய லாரிகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளும் அப்படித்தான். பழைய பெயரோடு சேர்த்து இவற்றையும் உரித்துவிட்டு, வாகனச் சோதனையின்போது மாட்டிக்கொள்வது வீண் தொல்லை. வண்டி முழுவதையும் மூடிய வண்ணப் படலத்தை எடுக்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அடியில் இருக்கும் நிறம் பதிவில் உள்ள நிறத்திலிருந்து வேறுபட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும்.

இரண்டு வகைப் படலம்

வாகனங்களில் ஒட்டும் வினைல், பிவிசி என்ற நெகிழியால் ஆனது. அதில் இரண்டு வகை உண்டு. உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கப்பட்டது ஒன்று. இது மலிவானது. பெரும்பாலும் 75 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும். கூழாக ஊற்றிக் காயவைத்துச் செய்யப்படும் வார்ப்புப் படலம் மற்றொன்று. இதன் தடிமன் 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், விலை கூடுதல், ஆனால் வளைவுகளில் சுருங்காமல் படிந்து நிற்கும்.

உரிக்கும்போதுதான் இந்த வேறுபாடு முழுமையாகத் தெரியவரும். நல்ல வார்ப்புப் படலம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய துண்டாகக் கழன்றுவரும். மலிவான படலத்தில் நெகிழ்வைத் தரும் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். எஞ்சுவது காய்ந்த அப்பளம் போன்ற ஒன்று, தொட்டாலே நொறுங்கும். வானம் பார்த்துக் கிடக்கும் கூரையிலும் முன்மூடியிலும் இது சீக்கிரம் நடக்கும். பக்கவாட்டுக் கதவில் மெதுவாக நடக்கும். ஆகவே ஒரே வேனில் கதவு எழுத்து அரை மணி நேரத்தில் வந்துவிட, கூரைப் பட்டை ஒரு நாள் முழுவதையும் விழுங்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒளி எதிரொளிக்கும் படலம். அது பல அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு தனியாகவும் கீழடுக்கு தனியாகவும் பிரியும். சூடும் உள்ளே எளிதில் இறங்காது.

சூடு எவ்வளவு?

பசையை இளக்கச் சூடு வேண்டும். ஹீட் கன், ஹேர் டிரையர், நீராவிக் கருவி ஆகிய மூன்றும் பயன்படும். ஹீட் கன்னின் வாயிலிருந்து வரும் காற்று 500 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும் என்பதால் அதில்தான் ஆபத்து அதிகம். வண்டித் தகட்டுக்குத் தேவைப்படுவது 50 முதல் 60 டிகிரிதான். தூரத்திலிருந்தே வெப்பத்தை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் போதுமான சூடு ஏறிவிட்டது. கருவியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பிளாஸ்டிக் பம்பர், கதவோர ரப்பர், விளக்குக் கண்ணாடி ஆகியவற்றின் அருகே இன்னும் கவனம் தேவை.

முதல்முறை செய்பவருக்கு நீராவியே ஏற்றது. அது மெதுவான வழி என்றாலும் தகட்டை அளவுக்கு மீறிச் சூடாக்காது.

சூடு அதிகமானால் நல்லதுதானே என்று நினைப்பது பரவலான தவறு. அளவுக்கு மீறிச் சூடான பசை குழைந்துபோய், படலம் மட்டும் கையோடு வரும், பசை முழுவதும் தகட்டிலேயே தங்கிவிடும். சூடு போதாவிட்டால் படலம் துண்டு துண்டாகக் கிழியும். சரியான சூட்டில் பசையின் பெரும்பகுதி படலத்தோடு சேர்ந்தே வரும். ஓர் ஓரத்தைப் பிளாஸ்டிக் பிளேடால் கிளப்பி, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில், அவசரமில்லாமல் இழுக்கவேண்டும். நேரே வெளிப்பக்கமாகப் பிடுங்கினால் விசை முழுவதும் பெயிண்ட்டின் மீது விழும்.

இரும்பு பிளேடு கண்ணாடிக்கு மட்டும்தான். அதுவும் சோப்புத் தண்ணீர் தெளித்தபிறகே பயன்படுத்தவேண்டும். பின்கண்ணாடியின் உட்புறம் ஓடும் பனிநீக்கிக் கம்பிகளின் மேலோ, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புப் படலத்தின் மேலோ பிளேடு படக்கூடாது.

நொறுங்கிப்போன பட்டைகளுக்குப் பட்டறைகளில் ரப்பர் சக்கரம் பயன்படுத்துவார்கள். துளைக்கருவியில் மாட்டினால் அழிப்பான் பென்சில் கோட்டை அழிப்பதுபோல் ஸ்டிக்கரைத் தேய்த்தெடுக்கும். வேலை விரைவாக முடியும், ஆனால் ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே பெயிண்ட் கருகிவிடும். சக்கரத்தின் மீது எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டக்கூடாது. பிளாஸ்டிக் பாகங்களில் இதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

மறு பெயிண்ட் அடித்த வண்டியா?

பெயிண்ட் உரிந்துவரும் சம்பவங்களில் பலவற்றுக்குக் காரணம் ஸ்டிக்கர் அல்ல, அடியில் இருக்கும் பெயிண்ட். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் உயர் வெப்பத்தில் சுடப்பட்டது. அதன் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். விபத்துக்குப் பிறகு பட்டறையில் அடித்த பெயிண்ட் அவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கும் என்று சொல்லமுடியாது. தடிமன் அளக்கும் கருவி 200க்கு மேல் காட்டினால் அந்தக் கதவு மறு பெயிண்ட் கண்டது என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். கடையில் கொடுத்துச் செய்பவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. பழைய பெயிண்ட் உரிந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று கடைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எஞ்சிய பசை

ஸ்டிக்கரை எடுக்க வெயில் உதவும். பசையைத் துடைக்கும்போது அதே வெயில் கெடுக்கும், ஊற்றிய திரவம் ஊறும் முன்பே ஆவியாகிவிடும். நண்பகலில் திறந்தவெளியில் உரித்துவிட்டு, தகடு ஆறியபின் நிழலில் பசையைத் துடைப்பது வசதி. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசைநீக்கிகள், வாகனங்களுக்கென்றே விற்கும் நீக்கிகள் ஆகியவை பெயிண்ட்டுக்குப் பாதுகாப்பானவை. தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் பிளேடால் வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் எண்ணெய்ப்பசை போய்விடும்.

தின்னர் மறு பெயிண்ட்டைக் கரைத்துவிடும். அசிட்டோன் விளக்கின் பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அருகில் ஹீட் கன் இருக்கும்போது அது விபத்துக்கு விடுக்கும் அழைப்பு. காற்றோட்டம் இல்லாத வீவக பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மூலையில் இந்தத் திரவங்களை மணிக்கணக்கில் சுவாசித்தபடி வேலை செய்வதும் நல்லதல்ல. இந்த வேலையை ஊழியரிடம் கொடுக்கும் முதலாளிகள் கையுறையையும் முகக்கவசத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். உரித்த துண்டுகளை எரிக்கக்கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வெளிவரும்.

பெயர் போனாலும் நிழல் போவதில்லை

எல்லாம் முடிந்து கழுவிப் பார்த்தால் பழைய பெயர் மங்கலாகத் தெரியும். ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை, சுற்றிலும் பட்டிருக்கிறது. மங்கியது எழுத்து இருந்த இடமல்ல, மற்ற இடம். களிமண் கட்டியால் தேய்த்து, பிறகு காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் சுற்றியுள்ள மங்கிய மேற்பரப்பு சற்று நீங்கி வேறுபாடு குறையும். மேலே இருக்கும் தெளிந்த பூச்சு 40, 50 மைக்ரான் அளவுதான் என்பதால் திரும்பத் திரும்பத் தேய்க்கமுடியாது. வெள்ளை வேனில் நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் முற்றாக மறையும் என்று எதிர்பார்க்கவேண்டாம். புதிய பெயரைப் பழையதன் மேல் வருமாறு, சற்றுப் பெரிதாக வடிவமைப்பது செலவு குறைந்த வழி.

தமிழில் எழுதிய வண்டிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரில் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி ஒவ்வொன்றும் தனித் துண்டு. 'அச்சகம்' என்ற சொல்லிலேயே இரண்டு. எழுத்துகளை இழுத்து எடுத்தபின் புள்ளிகள் மட்டும் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அவற்றை நகத்தால் சுரண்டும் பழக்கத்தால்தான் கதவில் பிறைபிறையாகக் கீறல் விழுகிறது. பசைநீக்கியில் நனைத்த சிறு துணியை அவற்றின் மேல் சற்று நேரம் வைத்திருந்தால் தானே இளகும்.

வாடகைக்கு எடுத்த வேனில் பெயர் ஒட்டுவோர், திருப்பிக் கொடுக்கும் நாளையும் நினைத்து ஸ்டிக்கர் வாங்கவேண்டும். பின்னாளில் எளிதாக எடுக்கக்கூடிய பசையுடன் வரும் படலங்கள் சந்தையில் உள்ளன. படலத்தின் பெயரையும் ஒட்டிய தேதியையும் ரசீதில் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.