வீசி விதைத்த சொல்

லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில் உள்ள பிபிசி தலைமையகத்துக்குப் பெயர் பிராட்காஸ்டிங் ஹவுஸ். 1932-இல் கட்டி முடித்தார்கள். அதன் முன்கூடத்தில் எரிக் கில் செதுக்கிய கற்சிலை ஒன்று நிற்கிறது. மைக் பிடித்த அறிவிப்பாளர் சிலை அல்ல, விதை தெளிக்கிற உழவன் சிலை. வானொலி நிலையத்தில் உழவனுக்கு என்ன வேலை என்று கேட்பவருக்குக் கட்டடத்தின் பெயரே பதில்.

'பிராட்காஸ்ட்' வயலில் பிறந்த சொல். பிராட் என்றால் அகலம், காஸ்ட் என்றால் வீச்சு. விதையைக் கைநிறைய அள்ளி, நடந்தபடியே அகல வீசுவதை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் இப்படிச் சொன்னது. வீசி விதைப்பது உழவு அளவுக்கே பழசு. அதற்குத் தனிப்பெயர் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? ஜெத்ரோ டல் 1701-இல் வரிசையாக விதை போடும் கருவியைச் செய்திருந்தார். சாலில் போடுவது வேறு, வீசுவது வேறு என்று பிரித்துச் சொல்லும் தேவை அதன் பிறகுதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

நாற்றங்காலில் முளைகட்டிய நெல் தெளிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இடுப்பில் கூடை, சேற்றில் பின்வாங்கும் கால், அரைவட்டமாகச் சுழலும் கை. தெளிப்பவர் எந்த மணி எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. கைவீச்சுதான் கணக்கு.

இந்தச் சொல் ஆகாயத்துக்கு ஏறியது ஒரு குறையின் புண்ணியத்தில். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேதி அனுப்ப வந்தது. வழியில் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்பது அதன் பெரிய பலவீனம். 1920-களின் தொடக்கத்தில் அந்தப் பலவீனத்தையே தொழிலாக்கினார்கள்: முகவரி இல்லாமல் அனுப்பு, கருவி உள்ளவர் கேட்கட்டும். 1922 அக்டோபர் 18-இல் பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனி உருவானது. 1927 ஜனவரி 1-இல் அது கார்ப்பரேஷன் ஆயிற்று. அதை நடத்திய ஜான் ரீத் கண்டிப்பான ஸ்காட்லாந்துக்காரர். உரிமக் கட்டணம் பத்து ஷில்லிங் யாருக்கும் ஒன்றே, சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கும் பிரபு மாளிகைக்கும் போகிற நிகழ்ச்சியும் ஒன்றே. நிலம் பார்த்து விதைக்காத கை அது. ஆனால் என்ன விதை என்பதை ரீத்தே முடிவு செய்வார், நிலத்தைக் கேட்கமாட்டார்!

பிறகு படம் வந்தது. 1926 ஜனவரி 26 அன்று சோஹோவின் ஃபிரித் தெரு மாடியறையில் ஜான் லோகி பெயர்ட் தொலைக்காட்சியைச் செய்துகாட்டினார். 1936 நவம்பர் 2-இல் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசியின் முறையான தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. பிராட்காஸ்ட் என்ற சொல்லுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. விதைக்கு ஒலியானால் என்ன, ஒளியானால் என்ன? சிக்கல் எதிர்முனையில் வந்தது. வானொலி கேட்பவருக்குப் பெயர் உண்டு, இதைப் பார்ப்பவரை எப்படி அழைப்பது? பெர்னார்ட் ஷா தலைமையில் பிபிசி வைத்திருந்த மொழிக்குழு இதற்கென்றே உட்கார்ந்தது. டெலிசீர், ஆராலுக்கர், கிளான்சர் என்று பல பெயர்கள் வந்து விழுந்தன. கடைசியில் 'டெலிவியூவர்' தேறியது, அதுவும் நாளடைவில் 'வியூவர்' என்று சுருங்கியது. தமிழ் வானொலிக்கு இந்தத் தொல்லையே இல்லை. நேயர் என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. நேயம் உள்ளவர் நேயர், காதும் கண்ணும் அதில் கிடையாது. அதனால் தொலைக்காட்சி வந்தபோது அவர் அப்படியே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

1953 ஜூன் 2-இல் எலிசபெத் முடிசூட்டு விழாவை பிரிட்டனில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். பலர் பார்த்தது அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டியில். ஒரே வீச்சில் ஒரு நாடே முளைத்த நாள் அது. இரண்டு ஆண்டுகளில், 1955 செப்டம்பர் 22-இல், விளம்பரக் காசில் ஓடும் ஐடிவி வந்தது. அதன் முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு. இதைக் கண்காணிக்க 1954-இல் அமைத்த ஆணையத்தின் பெயரில் 'டெலிவிஷன்' இருந்தது, 'பிராட்காஸ்டிங்' இல்லை. 1972-இல் தனியார் வானொலியும் அதன் கையில் வந்தபோது பெயர் போதவில்லை. டெலிவிஷனை எடுத்துவிட்டு அங்கே பிராட்காஸ்டிங்கை வைத்தார்கள். அகலமான சொல் வயலில் மட்டுமல்ல, சட்டத்திலும் வென்றது.

தமிழ் இதைப் 'பரப்பு' என்று எடுத்துக்கொண்டது. 1941-இல் பிபிசி தமிழில் பேசத் தொடங்கியது, அதுவே பின்னர் தமிழோசை என்று அறியப்பட்டது. ஒலிபரப்பு தமிழர் வாயில் பழகிய சொல்லானதில் அதற்கும் பங்குண்டு. பரப்பில் விதை இல்லை என்று குறைப்படுபவர்கள் யாழ்ப்பாணம் போகலாம். அங்கே காணியை அளப்பதே பரப்பில்தான், ஏக்கருக்குப் பதினாறு. ஒலிபரப்பு ஒளிபரப்பானபோது நாம் மாற்றியது ஓர் எழுத்து. அந்த எழுத்தையும் மாற்றி எழுதிக் குழப்புகிறவர்கள் குறைவில்லை.

2007-இல் பிபிசியின் ஐபிளேயர் வந்தது. அவரவர் வேண்டியதை வேண்டிய நேரத்தில் அவரவர் பாத்திக்குத் திருப்பிக்கொள்ளலாம். இதற்கு வந்த ஆங்கிலச் சொல் ஸ்ட்ரீமிங், நீரோட்டம். விதைப்பு முடிந்து தண்ணீர் பாய்ச்சும் கட்டத்துக்கு மொழி வந்துவிட்டது போலிருக்கிறது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் பெயரில் இன்றுவரை வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை, இணையமும் இல்லை. விதைப்பு மட்டும் இருக்கிறது.