வரவு-செலவுத் திட்டம், தமிழ்நாடு சட்டமன்றத்தில்

தமிழ்நாடு அரசின் ஆண்டு வரவு-செலவுத் திட்டம் (நிதிநிலை அறிக்கை) சட்டமன்றப் பேரவையில் முன்வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, துறைவாரியான மானியக் கோரிக்கைகளாக வாக்குக்கு விடப்பட்டு, நிதி ஒதுக்கச் சட்டமாக நிறைவேறும் நடைமுறை. அரசமைப்புச் சட்டத்தின் 202 முதல் 206 வரையிலான பிரிவுகள் இதை வகுக்கின்றன. அரசு கேட்கும் தொகைக்குப் பேரவை இசையலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; கூட்ட முடியாது. இந்த வரம்பு 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே இருந்தது.

தொடக்கம்

1861 சட்டப்படி அமைந்த சென்னை சட்ட மேலவைக்கு வரவு-செலவில் எந்த வேலையும் இல்லை. 1892 சட்டம் உறுப்பினர்கள் அதைப் பற்றிப் பேச இடம் தந்தது, வாக்களிக்க இடம் தரவில்லை. 1909 சட்டத்துக்குப் பிறகு தீர்மானம் கொண்டுவர முடிந்தது. அது அரசைக் கட்டுப்படுத்தாது.

இரட்டையாட்சிக் காலம் (1920–1937)

1919 சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 பேர் இடம்பெற்ற புதிய மேலவையை 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் தொடங்கிவைத்தார். மானியக் கோரிக்கைகள் முதன்முதலாக வாக்குக்கு வந்தது இந்த அவையில்தான். ஆனால் துறைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. கல்வி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை போன்றவை அமைச்சர்களிடம். காவல், நிலவருவாய், பாசனம், நிதி ஆகியவை ஆளுநரின் நிர்வாக சபையிடம். பணப்பை ஒன்று, அதன் முடிச்சு நிர்வாக சபையின் கையில். வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்த கே. வி. ரெட்டி நாயுடு, தம் துறையில் காடுகள் இல்லை, வேளாண்மை இருந்தும் பாசனம் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போன முறையீடு இரட்டையாட்சியைப் பற்றி எழுதியவர் எவரும் விடாமல் எடுத்தாளும் சான்று.

அவையின் அதிகாரத்துக்கு வேலிகள் பல. கடனுக்கான வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், பிரிட்டிஷ் அரசு நேரடியாக அமர்த்தியவர்களின் சம்பளமும் ஓய்வூதியமும், மத்திய அரசுக்கு மாகாணம் கட்டும் பங்குத்தொகை ஆகிய எவற்றின் மீதும் வாக்கெடுப்பு கிடையாது. நிர்வாக சபையிடம் இருந்த ‘ஒதுக்கப்பட்ட’ துறை ஒன்றின் மானியத்தை அவை வெட்டினால், அது இன்றியமையாதது என்று ஆளுநர் சான்றளித்து மீட்டுக்கொள்ளலாம். பங்குத்தொகை சென்னைக்கு ஆறாத புண். இதை வகுத்த மெஸ்டன் ஏற்பாட்டின்படி மாகாணங்கள் சேர்ந்து கட்டவேண்டிய 983 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம். வங்காளத்துக்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56 லட்சம். பள்ளிக்கும் கிணற்றுக்கும் பணம் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கணக்கும் கூடவே எழுந்தது. 1920களின் இறுதியில்தான் இந்தச் சுமை முற்றிலும் நீங்கியது.

இந்தக் காலத்தில் வேரூன்றியது வெட்டுத் தீர்மானம். ஒரு கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கவேண்டும் என்று உறுப்பினர் முன்மொழிவார். லட்சங்களில் ஓடும் மானியத்தில் நூறு ரூபாய் குறைந்து எதுவும் ஆகிவிடாது. அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்துத் தம் வட்டாரத்துக் குறை ஒன்றையோ துறையின் போக்கையோ அவர் விரித்துப் பேசுவார். அரசுத் தரப்பு எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். பதில் கிடைத்ததும் பெரும்பாலும் தீர்மானம் திரும்பப் பெறப்படும். நிதியைக் கட்டுப்படுத்தப் பிறந்த ஒரு கருவி, கேள்வி கேட்கும் கருவியாக மாறிப்போனது. அதன் பயனும் அதுதான் எனலாம்.

அவைக்கு உண்மையில் எவ்வளவு வலு இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆளுநரின் சான்றளிப்பு அதிகாரத்தைச் சுட்டி, எல்லாம் வெறும் ஒப்புக்கு என்பது ஒரு தரப்பு. அரசைப் பொதுவெளியில் கணக்குச் சொல்ல வைத்ததே பெரிய மாற்றம் என்பது மறுதரப்பு.

1937 முதல் 1967 வரை

1935ஆம் ஆண்டுச் சட்டம் அவையை இரண்டாக்கி, மானியங்கள் மீதான வாக்கை 215 உறுப்பினர் கொண்ட கீழவைக்கே தந்தது. நிதித்துறையைத் தம்மிடமே வைத்துக்கொண்ட மாகாணப் பிரதமர் சி. ராஜகோபாலாச்சாரி, 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கலால் வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் விற்பனை வரி இதுவே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மத்திய மாகாணம் 1938இலேயே மோட்டார் எரிபொருள் விற்பனைக்கு வரி விதித்திருந்ததால், முதல் பொது விற்பனை வரி என்று கொள்வதே பொருத்தமாகலாம்.

1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1946 வரை ஆளுநரே செலவுக்கு ஒப்புதல் தந்தார்.

1952இல் உறுப்பினர் எண்ணிக்கை 375 ஆனபோது புனித ஜார்ஜ் கோட்டை மண்டபம் போதாமல், அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய கூடத்துக்குப் பேரவை இடம்பெயர்ந்தது. சி. சுப்பிரமணியம் அவ்வாண்டு நிதியமைச்சராகி 1962 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1967க்குப் பின்

சி. என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்துகொண்டே நிதியையும் கவனித்தார். பின்னாளில் இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன், சி. பொன்னையன், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்டோர் அப்பொறுப்பை வகித்தனர். மாநில ஆட்சி கலைக்கப்பட்ட 1976, 1980, 1988, 1991 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கலைப்பு ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையே, அதாவது வரவு-செலவுத் திட்டம் வரவேண்டிய வேளையில் நேர்ந்தது. அப்போதெல்லாம் செலவுக்கான ஒப்புதல் தில்லியில் நாடாளுமன்றத்தின் பொறுப்பாயிற்று. 1986 நவம்பரில் மேலவை ஒழிக்கப்பட்டது. பண மசோதாவை அது 14 நாள் வரை மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதால் நிதி நடைமுறையில் இதனால் பெரிய மாற்றம் இல்லை.

1989 மார்ச் 25 அன்று, நிதித்துறையையும் வைத்திருந்த முதலமைச்சர் மு. கருணாநிதி அறிக்கையை வாசிக்க முற்பட்டபோது அவையில் அமளி மூண்டது. தாம் தாக்கப்பட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் ஜெ. ஜெயலலிதா கூறினார், ஆளுங்கட்சி அதை மறுத்து, தாக்கப்பட்டவர் முதலமைச்சரே என்றது. இருதரப்பு விவரங்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

நடைமுறை

அறிக்கை வாசிக்கப்படும் நாளில் விவாதம் இல்லை. அலுவல் ஆய்வுக் குழு நாள்களை ஒதுக்கிய பின் பொது விவாதமும் நிதியமைச்சரின் பதிலுரையும் நடைபெறும். அடுத்து ஐம்பதுக்கு மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் நாளொன்றுக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொன்றுக்கும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வழங்கப்படும். துறை அமைச்சர் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை அடுக்குவது வழக்கம். அடுத்த நாள் நாளிதழில் இடம்பிடிப்பவை பெரும்பாலும் இவையே, வெட்டுத் தீர்மானங்கள் அல்ல. கோரிக்கைகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். தேர்தல் ஆண்டுகளில் தேர்தலுக்கு முன் இடைக்கால அறிக்கையும் முன்பண மானியமும் மட்டுமே இடம்பெறும்.

அண்மைக் காலம்

கொரோனா பெருந்தொற்றின்போது பேரவை கலைவாணர் அரங்கத்தில் கூடியது. 1952இன் கூடம் இருந்ததும் அதே அரசினர் தோட்டத்தில்தான். கலைவாணர் அரங்கத்தில் 2021 ஆகஸ்ட் 13 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் காகிதமில்லா முதல் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார், மறுநாள் வேளாண் அமைச்சர் எம். ஆர். கே. பன்னீர்செல்வம் வேளாண்மைக்கான முதல் தனி அறிக்கையை அளித்தார். 2025–26ஆம் ஆண்டுக்கான அறிக்கையை 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு முன்வைத்தார்.