ரம்பம் தொடாத விளிம்பு

மர அறுவை மில்லில் ஓர் அடிமரத்தை ரம்பத்தில் ஏற்றினால் முதலில் கழிவது அதன் பக்கங்கள்தான். பட்டையும் அதற்கடியில் இருக்கும் வெள்ளை மரமும் சேர்ந்து, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் மேடுபள்ளமாகவும் விழும் அந்தத் துண்டுகள் விறகுக்குப் போகும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியைச் சதுரித்து எடுத்தால்தான் அது மரம். மூலைமட்டத்துக்கு நிற்காத விளிம்பைத் தச்சர் பலகையென்றே ஒப்புக்கொள்வதில்லை. படச்சட்டத்தில் இந்த விதி இன்னும் கடுமையானது. நான்கு கட்டைகளையும் மூலைக்கு 45 டிகிரியாக வெட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் இடைவெளி பல்லிளிக்கும்.

ஆனால், பட்டை உரிந்த இடத்தின் நெளிவை அப்படியே விட்டுச் செய்த இயல்பு விளிம்புச் சட்டங்கள் இன்று கையால் வரைந்த ஓவியங்களையும் துணி வேலைப்பாடுகளையும் சுற்றி அமர்ந்திருக்கின்றன. விறகுக்குப் போக வேண்டிய விளிம்பு சுவரேறிய கதையில் கியோட்டோ இருக்கிறது, புதுச்சேரி இருக்கிறது, முள்வேலி போட்ட ஒரு முகாமும் இருக்கிறது.

சட்டத்தின் பழைய வரலாற்றில் மரம் முகம் காட்டவே இல்லை. 13ஆம் நூற்றாண்டு இத்தாலியின் தேவாலயப் படங்களில் ஓவியமும் சட்டமும் பெரும்பாலும் ஒரே பலகையில் செதுக்கப்பட்டவை. சுண்ணப் பூச்சும் பொன் தகடும் மரத்தை முழுதாக மூடிவிட்டன. பின்னாளில் சட்டம் தனியாகப் பிரிந்தபோதும் பிரெஞ்சு அரண்மனைகளில் அதன்மேல் பொன்தான் ஏறியது. நம் தஞ்சாவூர் ஓவியமும் பலாப்பலகையில் தொடங்கியதுதான். அந்தப் பலகையும் துணி, சுண்ணப் பூச்சு, பொன்தாள் இவற்றுக்கு அடியில் மறைந்துபோனது. மரம் தாங்கும், யார் கண்ணிலும் படாது.

மரத்தைப் பார்வைக்கு வைத்தவர்கள் ஜப்பானியத் தேநீர் அறைகளைக் கட்டியவர்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ, பொன்னும் அரக்குப் பூச்சும் மின்னிய காலத்தில் மண்சுவரையும் மூங்கிலையும் தேர்ந்தெடுத்தார். கியோட்டோவுக்கு அருகே அவர் கட்டியதாகக் கருதப்படும் தாய்-ஆன் அறை இரண்டே பாய் அளவுதான். அத்தகைய அறைகளில் டோகோனோமா என்ற மாடம் ஒன்று உண்டு. ஓவியச் சுருளோ எழுத்துச் சுருளோ அங்கேதான் தொங்கும். மாடத்தின் ஓரத்தில் நிற்கும் தூணைப் பல இடங்களில் சதுரிப்பதில்லை. பட்டை மட்டும் உரித்து, சில சமயம் அதுவும் உரிக்காமல், மரம் வளர்ந்த வடிவிலேயே நிறுத்துவார்கள். கையால் எழுதிய ஒரு சுருளும் கை படாத ஒரு மரமும் பக்கத்தில் பக்கத்தில். இயல்பு விளிம்புச் சட்டத்துக்கு மூதாதை தேடினால் இந்தத் தூணைத்தான் காட்ட வேண்டும்.

இந்த மரபைப் பலகைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நாகஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தபோது, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு விடுதி கட்டும் பணி ரேமண்டுக்கு வந்தது. அதைக் கவனிக்க 1937 வாக்கில் நாகஷிமா புதுச்சேரி வந்து சேர்ந்தார். அந்த விடுதிதான் கோல்கொண்டே. இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் முன்னோடி அது.

கட்ட வந்தவர் ஆசிரமவாசியாகிவிட்டார். சம்பளம் வேண்டாமென்று சொல்லி சாதகராகச் சேர்ந்தார். சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். விடுதிக்கான மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். கதவுக் கைப்பிடி போன்ற பொருள்கள் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்க்கப்பட்டவை. இருக்கும் பொருளை வீணாக்காமல், வேலையையே வழிபாடாகச் செய்யும் பழக்கம் அவருக்குள் ஊன்றியதில் இந்தக் கடற்கரை ஊருக்குப் பெரும் பங்குண்டு. தமிழ் மண் இதைப் பெருமையோடு நினைவில் வைக்கலாம்.

1939இல் அவர் புதுச்சேரியை விட்டுச் சென்றார். அமெரிக்கா திரும்பி, திருமணமாகி, சியாட்டிலில் சிறிய பட்டறை போட்ட நேரத்தில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நாகஷிமா, அவர் மனைவி, கைக்குழந்தை மீரா மூவரும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார், ஜப்பானிய முறையில் பழகியவர். கட்டடக்கலையில் பட்ட மேற்படிப்பு முடித்தவர் அந்தத் தச்சரிடம் மாணவராக உட்கார்ந்தார். உளி பிடிப்பதையும் ஆணியில்லாப் பொருத்துகளையும் அங்கேதான் ஆழமாகக் கற்றார். முகாமில் நல்ல மரம் ஏது? கழிவுக் கட்டையும் பாலைநிலத்துப் புதர் மரமும்தான் பாடப்புத்தகம்.

ரேமண்ட் பொறுப்பேற்று 1943இல் குடும்பத்தை வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் வாழ்க்கை மறுபடி தொடங்கியது. மற்றவர்கள் குறையென்று ஒதுக்கிய பலகைகளை மேசை செய்ய நாகஷிமா எடுத்துக்கொண்டார்: முடிச்சுள்ளவை, வெடித்தவை, விளிம்பு நேராக இல்லாதவை. கறுப்பு வால்நட் மரத்தின் அடர்ந்த வைரமும் வெளிறிய வெள்ளையும் சேரும் இடத்தை வெட்டாமல் விட்டார். வெடிப்பு கண்ட இடத்தில் பட்டாம்பூச்சி வடிவில் மரச்சாவி இறக்கிப் பிடித்துவைத்தார். அந்தச் சாவியை ஒளிக்கவும் இல்லை. 1967இல் தம் ஓவிய நண்பர் பென் ஷானின் படைப்புகளைக் காட்சிப்படுத்தத் தம் தோட்டத்திலேயே ஒரு கலைக்கூடம் கட்டினார். 1990இல் அவர் மறைந்த பின் மகள் மீரா பட்டறையை ஏற்றார். உலக அமைதிக்கென நாகஷிமா செய்யத் தொடங்கிய மேசைகளில் ஒன்று 1996இல் ஆரோவில் வந்து சேர்ந்தது.

மேசையில் வெற்றி பெற்ற விளிம்பு சட்டத்துக்கு வருவதில் சிக்கல் உண்டு. விளிம்பு நெளிவதால் கட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். 45 டிகிரி வெட்டில் இரண்டு கட்டைகள் மூலையில் ஒன்று சேரா. ஒன்று துருத்தும், மற்றது உள்வாங்கும். ஆகவே பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைக்கும் பொருத்தே பலருடைய தேர்வு. ஒரே பலகையை அதன் கனத்தில் இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்தால், இடமும் வலமும் ஒரே நெளிவு கிடைக்கும். படத்தை ஒட்டிய உள்விளிம்பு மட்டும் நேராகவே இருந்தாக வேண்டும். கண்ணாடிக்கும் படத்துக்கும் அங்கேதான் காடி எடுப்பார்கள்.

பொறுமைதான் பெரிய செலவு. அறுத்த பலகை ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. பட்டையை விட்டுவைத்தால் பின்னாளில் அதுவே உதிரும். அதற்கும் வெள்ளை மரத்துக்கும் நடுவே பூச்சி குடியேறும். அதனால் உளியால் நெம்பிப் பட்டையை எடுத்து, அடியிலுள்ள மேடுபள்ளம் கெடாதபடி கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்ப்பார்கள். இழைப்புளியை வெளிவிளிம்பில் வைக்கவே கூடாது. நேராக இழைப்பதைவிடக் கடினமான வேலை இது: எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்டும் எந்திரத்தில் ஒரே மாதிரி அலை அலையாக அறுத்து "இயற்கை விளிம்பு" என்று விற்கும் சரக்குகளில் அந்தத் தெளிவு இல்லை. அவை விளிம்பே அல்ல.

இயல்பு விளிம்புச் சட்டத்துக்கு வால்நட் மரம் தேடிப் போக வேண்டியதில்லை. வாகையிலும் பூவரசிலும் வைரமும் வெள்ளையும் கண்ணைப் பறிக்கும் வேறுபாட்டோடு இருக்கின்றன. வாகையின் வெள்ளையைப் பூச்சி விரும்பும் என்பதால் அதற்கு மருந்து அடிக்க வேண்டும். இப்போது நம் வீட்டுப் படங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மரம் போல அச்சடித்த பிளாஸ்டிக் கட்டை. கையால் வரைந்த படமோ பாட்டி பின்னிய பூவேலையோ வீட்டில் இருந்தால், சட்டம் போடக் கொடுக்கும் முன் அருகிலுள்ள மர அறுவை மில்லுக்கு ஒருமுறை போய்வாருங்கள். விறகுக்கென்று ஒதுக்கிய குவியலில் பட்டையோடு கிடக்கும் பலகைகளில் ஒன்றை எடைபோட்டு வாங்கி, காயவைத்து, ஊர்த் தச்சரிடம் கொடுங்கள்; விளிம்பைச் சீவ வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.