நேரம் பார்த்து வைக்கும் நெருப்பு

1887-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷின் பட்டறைக்கு ஒரு வேலை வந்தது. பட்டறை தொடங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரே இடத்தில் நின்று ஓடும் எரிவாயு எஞ்சின் ஒன்றுக்கு மின்பொறி தரும் கருவி வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். போஷ் செய்து கொடுத்தார். அந்தக் கருவியின் பெயர் மேக்னெட்டோ. அதன் வழித்தோன்றல் ஒன்று பின்னாளில் பதினோராயிரம் குதிரைத்திறன் கொண்ட பந்தயக் காரின் நெற்றியில் உட்காரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழல வேண்டும், அவ்வளவுதான். எஞ்சினே அதைச் சுற்றும். சுற்றினால் மின்சாரம் பிறக்கும். உரிய நொடியில் தொடர்பு அறுந்தால் பொறி தெறிக்கும். அதற்கு முன் டைம்லர் எஞ்சின்களில் பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாய்தான் எரிபொருளைப் பற்றவைத்தது. குழாய் எப்போதும் சூடாகவே இருக்கும். எரிய வேண்டிய நேரத்தை மனிதன் சொல்ல வழியில்லை. நெருப்பு வைப்பதோடு, எப்போது வைக்க வேண்டும் என்பதையும் கையில் கொடுத்தது மின்பொறி.

1897-இல் போஷின் ஆட்கள் மேக்னெட்டோவை டி டியோன் பூட்டோன் மூன்று சக்கர வண்டியில் பொருத்தினார்கள். நிற்கும் எஞ்சினிலிருந்து ஓடும் வண்டிக்கு அது இடம் மாறியது அப்போதுதான். 1902-இல் போஷின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும், அதற்கான ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டியின் பிளக் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த நேரக் கணக்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பொறி விழுந்த கணத்தில் எரிபொருள் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. பிளக் நுனியில் சிறு கரு பிடித்து, சுடர் சிலிண்டர் முழுதும் பரவ நேரம் பிடிக்கும். அதற்குள் பிஸ்டன் சும்மா இருக்காது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் தண்டு 36 பாகை திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 பாகை இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் உந்து விசை முழுசாகக் கிடைக்கும். அப்படியானால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு வைத்தாக வேண்டும். எத்தனை பாகைக்கு முன்னால் என்பதுதான் அட்வான்ஸ்.

முந்திப் போனால், ஏறி வரும் பிஸ்டனை எரிந்த வாயு எதிர்த்து அமுக்கும். எஞ்சின் தன்னையே எதிர்த்து வேலை செய்யும். அதற்கும் மேலே போனால், சுடர் எட்டாத மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும்; பிஸ்டனில் ஓட்டை விழும், ஹெட் கேஸ்கட் பறக்கும். பிந்தினால் ஆபத்து குறைவு, ஆனால் விளைச்சலும் குறைவு: பிஸ்டன் இறங்கிய பிறகும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு சைலன்சர் வழியே வெளியே போகும்.

தொடக்க காலக் கார்களில் இந்தப் பொறுப்பு ஓட்டுநரின் விரல் நுனியில் இருந்தது. ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் ஒரு நெம்புகோல் பொறியின் நேரத்துக்கு, வலப்புறம் ஒன்று எஞ்சின் வேகத்துக்கு. கைப்பிடி சுற்றிக் கிளப்புவதற்கு முன் இடப்புற நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள மறந்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதறும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். பழைய புல்லட்டைக் கிக் செய்து காலில் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னை திருவொற்றியூரில் செய்த அந்த வண்டியும் அதே இயற்பியலைத்தான் கெண்டைக்காலில் கற்றுக்கொடுத்தது.

பிறகு கார்கள் மேக்னெட்டோவைக் கைவிட்டன. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910-இல் காடிலாக் கார்களுக்கு வந்தது, 1912-இல் மின் ஸ்டார்ட்டரும் வந்தது. பேட்டரி எப்படியும் வண்டியில் இருக்கிறது, கிளப்பும்போது மெதுவாகச் சுற்றினாலும் பொறி பலமாக வரும், விலையும் குறைவு. நெம்புகோலின் வேலையைச் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் எடுத்துக்கொண்டன. தெருவில் ஓடும் காருக்கு அது சரியான முடிவுதான்.

மேக்னெட்டோ வானத்துக்குப் போனது. முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டன் ஜெர்மன் மேக்னெட்டோவை நம்பியிருந்த நாடு. வரத்து நின்றதும் அதைச் செய்யும் தொழிலையே அவசர அவசரமாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்கக் கூடாது என்பது விமானத்தின் விதி. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஒரு எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ என்ற வழக்கம் அங்கே நிலைத்தது. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். இரண்டும் இருந்தால் சுடர் இரு முனையிலிருந்தும் பரவி வேகமாக எரிக்கும். 1927-இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோது அவருடைய ரைட் எஞ்சினில் இருந்தவை சின்டில்லா மேக்னெட்டோக்கள். சின்டில்லா, சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் பகுதி நிறுவனம். 1954-இல் அதன் பெரும்பங்கைப் போஷ் நிறுவனமே வாங்கியது.

அந்தச் சின்டில்லாவின் வெர்டெக்ஸ் என்ற மாதிரிதான் டிராக் பந்தயத்துக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த காலம். 1950-இல் சான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் சி. ஜே. ஹார்ட் டிக்கெட் போட்டுப் பந்தயம் நடத்தினார். கால் மைல் நேர்க்கோடு, இரண்டு கார், முதலில் கடந்தவர் வென்றார். அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ என்ற டிராக் பந்தய அமைப்பைத் தொடங்கினார். பேட்டரியின் எடை மிச்சம், சுற்று ஏற ஏறப் பொறியும் பலக்கும்: சில நொடியே ஓடும் காருக்கு வேறென்ன வேண்டும்? ஜோ ஹன்ட் போன்ற தெற்குக் கலிபோர்னியக் கைவினைஞர்கள் வெர்டெக்ஸைப் பந்தயத்துக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தக் கருவிக்கு டைமிங் வைக்கும் வேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். ஒருவர் எஞ்சினின் முன்பக்கம் சுழலும் சக்கரத்தின் கோட்டின் மேல் டைமிங் லைட்டைப் பிடிப்பார். பொறி விழும் ஒவ்வொரு முறையும் விளக்கு மின்ன, ஓடும் கோடு உறைந்து நிற்பதுபோல் தெரியும். இன்னொருவர் மேக்னெட்டோவின் அடிப்பிடியைத் தளர்த்தி, அதன் உடலை இரு கையாலும் பிடித்து மயிரிழை திருப்புவார். அது கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுற்றுவது. கையில் ஒரு பாகை என்றால் கிராங்கில் இரண்டு பாகை. பெட்ரோலில் ஓடும் பழைய வி-8 எஞ்சினுக்கு மொத்தம் 34 முதல் 36 பாகை வரை பெரும்பாலும் பொருந்தும். அந்த இரண்டு பாகை எந்தப் பக்கம் என்பதில்தான் நல்ல மெக்கானிக்கின் பெயர் இருக்கிறது.

நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருள் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும், தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது தன்னுடனே சுமந்து வருகிறது. கிலோவுக்குக் கிலோ அதன் வெப்பம் பெட்ரோலில் கால் பங்குதான். ஆனாலும் அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை ஊற்ற முடிவதால், மொத்தத்தில் இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் கிடைக்கும். ஆனால் மெதுவாகத்தான் பற்றி எரியும். அதனால் பொறியை வெகு முன்னாலேயே வைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த விதம் பற்றிப் பந்தயக்காரர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. புளோரிடாவின் டான் கார்லிட்ஸ், 1960-களின் நடுவில், கிரைஸ்லரின் புதிய 426 ஹெமி எஞ்சினைத் தன் டிராக்ஸ்டரில் ஏற்றினார். பழைய 392 ஹெமிக்கு வைத்த டைமிங்கையே அதற்கும் வைத்தார். கார் ஓடவில்லை. என்ன செய்தும் பழையதை விடச் சோம்பியது. கடைசியில், வெடித்துச் சிதறினாலும் சரி, இந்த எஞ்சினை விட்டுத் தொலைகிறேன் என்ற கோபத்தில் மேக்னெட்டோவை முன்னுக்குத் திருகிவிட்டு ஓட்டினாராம். வெடிக்கவில்லை. அதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. பெரிய சிலிண்டருக்கும் மெல்ல எரியும் எரிபொருளுக்கும் வேண்டியிருந்தது நேரம்தான். என் பார்வையில், இந்த நைட்ரோ பந்தயத்தின் வரலாற்றில் எந்தப் புதிய உதிரிப்பாகத்தை விடவும் அந்தத் திருகல்தான் பெரியது.

நைட்ரோவில் ஓடும் இன்றைய டாப் ஃப்யூயல் பிரிவுக் கார்களில் 500 கன அங்குல எஞ்சின், மேலே சூப்பர்சார்ஜர், தொட்டியில் 90 சதவீத நைட்ரோ. விமானத்தில் கற்ற பாடம் அப்படியே இருக்கிறது: சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16, 44 ஆம்பியர் வகை மேக்னெட்டோ இரண்டு. வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டவைக்கும் அளவு வேகத்தோடுதான் பொறி தர வேண்டும், ஏனென்றால் சிலிண்டருக்குள் ஆவியை விட ஈரம்தான் அதிகம். ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் எரிபொருள் திரவமாகவே தேங்கும்; திரவத்தை அமுக்க முடியாது; அடுத்த சுற்றில் எஞ்சினே உடையலாம். அட்வான்ஸ் 60 பாகை அளவில் நிற்கும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் கணக்குப் போட்டால் அது ஒன்றேகால் மில்லி நொடி.

ஆனால் முழு அட்வான்ஸோடு அந்தக் கார் புறப்பட்டால் டயர் தரையைப் பற்றாது, புகைதான் மிஞ்சும். அதனால் கிளம்பிய மறுகணமே டைமிங்கைச் சுமார் 25 பாகை பின்னுக்கு இழுப்பார்கள். சுருங்கி நெளிந்த டயர் மறுபடி வட்டமாக நிமிரும் வரை அந்தச் சில பத்தில் ஒரு பங்கு நொடிகள் எஞ்சின் வேண்டுமென்றே தன் பலத்தை மறைத்து ஓடும். பிறகு படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். டயர் வழுக்குகிறதா என்று பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் கணினிக்கு அனுமதியில்லை. எந்த நேரத்தில் எத்தனை பாகை என்பதைக் குழுத் தலைவர் முன்கூட்டியே டைமரில் எழுதிவைக்க வேண்டும்: தரையின் சூடு, காற்றின் ஈரம், பக்கத்துப் பாதையில் சற்றுமுன் ஓடியவருக்கு நடந்தது எல்லாம் பார்த்து. பச்சை விளக்கு எரிந்தபின் அவர் கையில் எதுவும் இல்லை.

ஓட்டத்தின் பாதியிலேயே பிளக்கின் முனைகள் உருகிக் கரைந்துவிடும். அதன் பிறகு எஞ்சின் டீசலைப் போலத் தன் சூட்டிலேயே எரிந்து ஓடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் எரிபொருளை அடைத்தால்தான் உண்டு. திரும்பி வந்ததும் 16 பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து, எது எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறி எரிந்தது, எது ஈரமாகவே கிடந்தது என்பதை அந்த வரிசை சொல்லிவிடும்.

நைட்ரோ இல்லாத பல பிரிவுகளில் மேக்னெட்டோவின் ஆட்சி போய்விட்டது. மின்னணுப் பெட்டிகள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புரோ ஸ்டாக் பிரிவுக் கார்கள் 2016 முதல் கணினி வழி எரிபொருள் ஊட்டலுக்கே மாறிவிட்டன. கருவி மாறினாலும் கேள்வி அதேதான்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் பந்தயம் ஓடும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்வான்ஸை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். குறைவாக வைத்துத் தொடங்குங்கள், ஒவ்வொரு பாகையாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டம் முடிந்து கையில் வரும் சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது நீங்கள் கிளட்ச் விட்ட விதத்தையும் சேர்த்துச் சொல்லும். கோட்டைக் கடக்கும்போதைய வேகம்தான் எஞ்சினின் பலத்தைச் சொல்லும். அந்த வேகம் ஏறுவது நின்ற இடத்திலிருந்து இரண்டு பாகை பின்னுக்கு வந்து, பிடியை இறுக்கிவிடுங்கள்.